ஆறாம் பத்தி

அரசாங்கச் சுற்றறிக்கையில் ஒரு பத்தியை எழுதியது யார் என்று யாரும் கேட்பதில்லை. அடியில் துரையின் கையெழுத்து இருந்தால் போதும். மலாயாவில், ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பெரியம்மை பற்றி ஒரு காலத்தில் போன சுற்றறிக்கையில் ஆறாம் பத்தி நான் எழுதியது. நான்கே வாக்கியங்கள். அவற்றால் இரண்டு பிள்ளைகள் இறந்தது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்குத் தெரியாமல் இறந்தவர்கள் எத்தனை பேரோ. இரண்டில் ஒன்று என் அக்காளின் மகள். அந்தச் சாவுக்காக அக்காள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைச் சபித்தாள். சபிக்க வேண்டியது என்னை. அதை அவளிடம் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சொன்னதும் நல்லபடியாக முடியவில்லை.

எங்கள் அப்பா பாலோ என்ற ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். என்னை மட்டும் சிங்கப்பூரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அக்காள் என்னைவிட ஆறு வயது மூத்தவள், படிக்கவில்லை. அதே தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டு லயத்திலேயே, கூலிகளின் வரிசை வீடுகளிலேயே, இருந்துவிட்டாள். நான் ஜொகூர் பாருவில் ஒரு சுகாதார அலுவலகத்தில் கிளார்க் ஆனேன். முதல் பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடிதங்களைத் தட்டச்சு செய்வதும், தோட்டங்களிலிருந்து வாரா வாரம் வரும் நோய் அறிக்கைகளைச் சேர்த்து எழுதுவதும், துரை தோட்டங்களுக்குப் போகும்போது கூடப் போய் மொழிபெயர்ப்பதும் என் வேலை.

துரை என்று நான் சொல்வது எங்கள் சுகாதார அதிகாரியை. வெள்ளைக்கார டாக்டர். நல்ல மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழங்கால் சேற்றில் இறங்கி லயங்களுக்குப் போவார். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பார். அவருக்கு ஒரே ஆத்திரம், பெரியம்மை ஒரு தோட்டத்தில் தலைகாட்டினால் எங்களுக்குச் செய்தி வருவதற்குள் அது பத்து வீடு தாண்டியிருக்கும் என்பதுதான். தோட்டத்தை மூடினால் ரப்பர்ப் பால்வெட்டு நின்றுவிடுமே என்று மேனேஜர்களுக்குப் பயம். கங்காணிகளுக்கு மேனேஜர்களிடம் பயம். அறிக்கையில் "காய்ச்சல்" என்றே எழுதி அனுப்புவார்கள்.

ஒரு நாள் காலை அப்படி ஓர் அறிக்கையை என் மேசைமேல் போட்டுவிட்டு, "உன் ஜனங்கள் ஏன் இப்படி மறைக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அந்த "உன் ஜனங்கள்" எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் அவர்களில் ஒருவன் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும். அதே சமயம் அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்றும் காட்ட வேண்டும். "அவர்கள் மறைக்கவே இல்லை, ஐயா. வாசலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மை கண்ட வீட்டில் நிலைப்படியில் வேப்பிலை செருகுவார்கள் என்று சொன்னேன். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோவிலும், பக்கத்தில் ஊரிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த வேப்பமரமும் இருப்பதைச் சொன்னேன். இத்தனை வருஷம் அந்த இலைகளைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறாரே, அலங்காரம் என்று நினைத்தாராம். "இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?" என்றார். நீங்கள் கேட்கவில்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் சிரித்தேன்.

இலை கட்டியிருந்தால் என்ன அர்த்தம் என்பதைத்தான் நான் அவருக்குச் சொன்னேன். இலை கட்டிய பிறகு என்ன நடக்கும் என்பதைச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குள் வெளியாள் யாரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். உள்ளே இருப்பவர்களும் இன்னொரு வீட்டுக்குப் போக மாட்டார்கள். கஞ்சியோ மோரோ கொடுக்க வேண்டுமானால் வாசலில் வைத்துவிட்டு விலகிவிடுவார்கள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை நெருப்புகூட அந்த வீட்டிலிருந்து வாங்க மாட்டார்கள். நாங்கள் சட்டம் போட்டுச் செய்ய நினைத்ததை அந்த இலை சட்டமில்லாமல் செய்துகொண்டிருந்தது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஆத்தா வந்திருக்கிறாள், மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறோம் என்பதையெல்லாம் ஒரு டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதோடு சேர்த்து இதையும் விட்டுவிட்டேன்.

பத்தியை நீயே எழுது என்றார். எழுதினேன். தமிழர் லயங்களைப் பார்வையிடுவோர் வாசலில் வேப்பிலை உள்ள வீடுகளைக் கவனிக்க வேண்டும். அங்கே அம்மை உண்டு என்றே கொள்ள வேண்டும். முன்னறிவிப்பின்றி உள்ளே சென்று பார்க்க வேண்டும். நோயாளியை அன்றே தனிமை முகாமுக்கு மாற்ற வேண்டும். துரை ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்கள் தலைமைக் கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றறிக்கையின் நகலைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்ன காணும், துரைக்கே வேப்பிலை அடிச்சுப் போட்டீர் போல கிடக்கு. மனுசன் காலமையிலிருந்து சாமி வந்தவர் மாதிரியெல்லோ நிக்கிறார்" என்றார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

முதல் சில வாரங்கள் பத்தி நன்றாக வேலை செய்தது. இன்ஸ்பெக்டர்கள் லயத்துக்குள் நுழைந்ததும் நிலைப்படிகளைத்தான் பார்த்தார்கள். இலை கண்ட வீட்டுக்குள் போய், படுத்திருந்தவர்களைப் பாயோடு தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். முகாம் என்பது காட்டோரத்தில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை, சுற்றிலும் கயிறு. பால்குடிப் பிள்ளையாக இருந்தால் தாய் கூடப் போகலாம். வேறு யாரும் போகக் கூடாது. காவலாள் காலையிலும் மாலையிலும் வந்து கஞ்சி வைப்பான். மற்ற நேரத்தில் நோயாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். செத்தவர்களைச் சுண்ணாம்பு போட்டு அங்கேயே புதைத்தார்கள்.

பிறகு இலைகள் குறைந்தன. அறிக்கைகளில் "இலை காணப்படவில்லை" என்று வரத் தொடங்கியது. நோய் தணிகிறது என்று துரை சந்தோஷப்பட்டார். நான் அந்த வரியை வாரா வாரம் நகல் எடுத்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காளைப் பார்க்கப் போனேன். பாலோவில் ரயில் இறங்கி, தோட்டத்து லாரியில் ஏறிப் போக வேண்டும். அக்காளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை அப்போது ஏழு மாதம். அதை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். பால்வெட்டுக்குப் போகும்போது ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகவே அழுவாளாம்.

என்னைப் பார்த்ததும், "வாப்பா, எல்த்து ஆபீசு. வழி மறந்துடலையே?" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண் அவளோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அக்காளைவிட நாலைந்து வயது இளையவள். அவளுக்கு எட்டு வயதில் ஒரே மகன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவள் அக்காளை அண்ணி என்பாள். அவள் மகன் அத்தை என்பான். உறவு ஒன்றும் கிடையாது. ஒரே கப்பலில் வந்தவர்கள்கூட இல்லை.

"உங்க தம்பி சப்பாத்துச் சத்தம் கேட்டாலே எங்க கை வலிக்குது அண்ணி" என்றாள் அவள். "இன்னும் எத்தனை தடவதான் அம்மை குத்துவாங்க? குத்திக் குத்தி நான் பால்மரம் மாதிரி ஆயிட்டேன் லா."

"உன்னை வெட்டினா பாலா வரும்? வாய்தான் வரும்" என்றாள் அக்காள்.

அவள் கீரையை எடுத்துக்கொண்டு போன பிறகு, குழந்தைக்கு அம்மை குத்தியாயிற்றா என்று கேட்டேன். அம்மை குத்துகிறவர் போன மாதம் வந்தாராம்; குழந்தைக்குச் சிரங்காக இருந்ததால் அது ஆறட்டும், அடுத்த நடை பார்க்கலாம் என்று போய்விட்டாராம். எங்கள் சுகாதார விதியும் அப்படித்தான், சரிதான் என்றேன். பிறகு அக்காள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் தம்பி, ஆத்தா வந்தா இப்ப யாரும் இலை கட்டுறதில்லையாமே. கட்டினா புடிச்சிக்கிட்டுப் போயிடுறாங்களாம். அந்தப் பக்கத்துத் தோட்டத்துல நாலு பேரைத் தூக்கிட்டுப் போனதுல ஒருத்தர்தான் திரும்பினாராம். நெசமா?"

"எல்லாம் நல்லதுக்குத்தான் அக்கா."

"இலையோட சங்கதி வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"அவர்கள் படித்தவர்கள்" என்றேன். "யார் மறைத்தாலும் நீ மறைக்காதே. உன் வீட்டில் வந்தால் கட்டு. நான் ஆபீசில் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை அவள் எப்போதும் கேட்பாள்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தத் தோட்டத்து அறிக்கை என் மேசைக்கு வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எழுதியிருந்தார். லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் இலை காணப்பட்டது. பெண் குழந்தை, எட்டு மாதம், பெரியம்மை, தாயோடு முகாமுக்கு மாற்றப்பட்டது. அதன் பேரில் லயம் முழுவதும் சோதனை போடப்பட்டது. அடுத்த வீட்டில், சமையலறை விறகுக்குப் பின்னால், எட்டு வயதுப் பையன் மறைத்து வைக்கப்பட்டிருந்தான். கொப்புளங்கள் காய்ந்து உதிரும் நிலை. அவனும் முகாமுக்கு மாற்றப்பட்டான். லயத்தின் எண்ணைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

பையனுக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. அவன் ஏறக்குறைய பிழைத்துவிட்டான். இன்னும் சில நாட்களில் மூன்றாம் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். பையனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அக்காள் தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். தோட்டத்தில் காய்ச்சல் இல்லாத வீடு ஏது? பையன் உள்ளே இருட்டில் போர்த்திப் படுத்திருந்தான். அவள் முன்னறையில் அவன் முன்பு படுத்திருந்த பாயிலேயே குழந்தையைக் கிடத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வாசலில் இலை இல்லை. இருந்திருந்தால் படியேறியிருக்க மாட்டாள்.

துரையிடம் என் அக்காள் என்று சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். மறுநாள் காலை ரயிலில் என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

முதலில் விசாரணை. மறைத்தவர்களை விசாரிக்க வேண்டும் என்பது சுற்றறிக்கையின் வேறொரு பத்தி. தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் துரையும் மேனேஜரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண்ணை வாசல் மண்ணில் சற்றுத் தள்ளி நிற்கவைத்தார்கள். அவள் புருஷன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் குந்தியிருந்தான்.

ஏன் மறைத்தாய் என்று துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இலை கட்டினா தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தோம் ஐயா" என்றாள். "உங்க தம்பி" என்று சொல்லி என்னைக் கேலி செய்தவள் அவள். அதை மொழிபெயர்த்தேன்.

அடுத்த வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்தபோதாவது ஏன் சொல்லவில்லை என்று துரை கேட்டார்.

அவள் என்னையே பார்த்துப் பேசினாள். "லயத்துல எல்லா வீட்டுக்கும் வாயால சொல்லிட்டோம் ஐயா. வராதீங்க, இங்க ஆத்தா வந்திருக்கான்னு சொல்லிட்டோம். ஒருத்தர் வரலை. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லலை. எப்படிச் சொல்லுவேன்? அண்ணி தம்பி நீங்கதானே. இலையோட சங்கதி துரைக்கு எப்படித் தெரிஞ்சுது? நம்மாளு யாரோ சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணி காதுல விழுந்தா உங்க காதுல விழும்னு பயந்தேன். வாசல்ல நின்னு, வேணாம் அண்ணி, போங்க, நான் பாத்துக்கறேன்னு எத்தனையோ தடவ சொன்னேன். கஞ்சியை வெளியவே வாங்கினேன். அது கேக்கலையே ஐயா. என்னைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்திருச்சே. என் புள்ளைக்குக் கஞ்சி கொடுக்க வந்துச்சே."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

துரை என்னைப் பார்த்தார். "பயந்துவிட்டதாகச் சொல்கிறாள்" என்றேன்.

"அவ்வளவுதானா? நிறையப் பேசினாளே."

"ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள், ஐயா."

அவளுக்கு நான் பேசிய மொழி தெரியாது. ஆனால் அவள் பேசியதற்கு நான் பேசியது போதாது என்பது தெரிந்திருக்கும். கூப்பிட்டுச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் இல்லை. மேனேஜர் அந்தக் குடும்பத்தைத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். துரை மறுப்புச் சொல்லவில்லை. நான் முழுவதையும் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். நியாயமான மனிதர். ஆறாம் பத்தியை அன்றே அடித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பெண்ணை மகனிடம் போகவும் விட்டிருப்பார்.

அன்று மாலை முகாமுக்குப் போனேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்காள் வந்து நின்றாள். குழந்தை போன பிறகும் தனிமைக் கெடு முடியும்வரை அவள் அங்கேதான் இருக்க வேண்டும். சேலை மார்பில் நனைந்திருந்தது. குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டியிருந்தது. இதை எழுதுவதற்கே கூசுகிறது.

"நீ சொன்ன மாதிரியே கட்டினேன் தம்பி" என்றாள். "லயத்துலயே நான் ஒருத்திதான் கட்டினேன்."

நான் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவ ஏன்டா எங்கிட்ட சொல்லலை? விசாரிச்சீங்களாமே, காவக்காரன் சொன்னான். என்ன சொன்னா?"

கயிறு எங்கள் இருவருக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் இருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. இரண்டு நிமிஷம் போதும், சொல்லியிருக்கலாம்.

"பயந்துவிட்டாளாம்" என்றேன்.

"பயந்துட்டாளாமா?" என்று கேட்டாள் அக்காள். "அவ புள்ளை உள்ள படுத்திருக்கான். எம்புள்ளை செத்துப்போச்சு."

மூன்றாம் நாள் அந்தப் பையனும் இறந்துவிட்டதாக ஜொகூர் பாருவுக்குச் செய்தி வந்தது. அம்மையால் அல்ல, வயிற்றுக்கடுப்பால். முகாமில் பரவியிருந்ததாம். அறிக்கையில் அவன் சாவு பெரியம்மைக் கணக்கில் வராது என்பதால் வேறு தாளில் எழுதினேன்.

கெடு முடிந்து அக்காளை வீட்டுக்குக் கூட்டிப்போக நான் வந்த அன்றுதான் அந்தக் குடும்பமும் தோட்டத்தைவிட்டுப் புறப்பட்டது. ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டை. அக்காள் லயத்து முற்றத்தில் நின்று மண்ணை வாரி அவள்மேல் தூற்றினாள். "நீ நல்லா இருப்பியாடி? எங்கைக் கஞ்சியைக் குடிச்சுட்டு எங்குலத்தை அறுத்தியேடி" என்று கத்தினாள். லயம் முழுவதும் வாசல்களில் நின்று பார்த்தது. அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் நான் அங்கே நின்றேன். அந்தப் பெண் மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புருஷன் பின்னால் நடந்தாள். எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. என் வேலையில் இருப்பவனுக்கு நாலு கடிதம் எழுதினால் தெரிந்திருக்கும்.

ஆறாம் பத்தி இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. துரை மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார். சுற்றறிக்கையைப் புதுப்பிக்கும்போது அந்தப் பத்தியை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தேன். புதியவர் கவனிக்கவில்லை. ஒரு பத்தியைச் சேர்க்கத்தான் காரணம் எழுத வேண்டும். விட்டுவிடுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அம்மை குத்துவது ஒழுங்காக நடக்க ஆரம்பித்து நோய் மெல்லக் குறைந்தது. எனக்குப் பதவி உயர்ந்தது. தொத்து நோய்களைப் பற்றி அரசாங்கம் எழுதிய பல விதிகளில் என் கை உண்டு. சிலவற்றால் நன்மையும் நடந்திருக்கும். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அக்காளுக்கு அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. அத்தான் இறந்ததும், முப்பதுகளின் நடுவில், ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவியிடமும், வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அந்தக் கதையைச் சொல்வாள். கஞ்சி, பாய், விறகுக்குப் பின்னால் பையன். ஒவ்வொரு தடவையும் "அந்தப் பாவி" என்றுதான் முடிப்பாள். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் எழுந்து போய்விடுவேன். தம்பிக்கு இளகிய மனசு, தாங்க மாட்டான் என்று அதற்கும் அவளே காரணம் சொல்வாள்.

ஒரு நாள் பிற்பகல் என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். அக்காள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உடம்பு சரியில்லாமல் இருந்து தேறியிருந்தேன். சாவு பயம் வந்திருக்கலாம். எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாம் பத்தியை எழுதியது நான். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லாமல் விட்டது என்னால். அந்தப் பெண் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். நான் மொழிபெயர்த்தது எவ்வளவு என்பதையும் சொன்னேன்.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"போங்க அண்ணின்னு சொன்னா, நெசந்தான்" என்றாள். "வாசக்கால்ல கையை வச்சு மறிச்சுக்கிட்டு நின்னா. எனக்குச் சிரமம் கொடுக்க வேணாம்னு மரியாதைக்குச் சொல்றான்னு நெனச்சு, போடி இவளேன்னு தள்ளிட்டுப் போனேன்."

முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"முகாம்ல அந்தப் பையன் எனக்கு மூணு பாய் தள்ளித்தான் கிடந்தான் தம்பி" என்றாள். "அவனுக்கு எந்திரிக்க முடியலை. அத்தே, தண்ணி, அத்தே, தண்ணின்னு கேட்டான். பானை எங்கிட்டதான் இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். உங்கம்மாவைக் கேளுடான்னு சொன்னேன். ராத்திரி பகல்னு ரெண்டு நாள் கேட்டான். அப்புறம் கேக்கலை."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் கதை சொல்லும்போதெல்லாம் இந்த இடத்துக்கு வருமுன் நிறுத்தியிருக்கிறாள்.

"அது எப்போ அக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பதில் எனக்கே தெரியும்.

"நீ கயித்துக்கிட்ட வந்து நின்னுட்டுப் போனியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து."

அவள் என்னைத் திட்டவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவாள், காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவதை மட்டும் அன்றோடு விட்டாள். அதுவரை அவளிடம் ஒரு கோபம் இருந்தது. அது அவளுடைய பிள்ளைக்காக வந்த கோபம். அதை வைத்துக்கொண்டு, பையனுக்குத் தண்ணீர் கொடுக்காததையும் அவள் ஏதோ ஒருவிதத்தில் பொறுத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். என் பாரத்தை இறக்கிவைக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவள் தலைதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு அக்காள் ஏழு வருஷம் இருந்தாள். கடைசி வருஷங்களில், வீட்டுக்கு யார் வந்தாலும், தபால்காரரோ, விறகு கொண்டுவரும் சீனரோ, தெருப் பிள்ளைகளோ, கேட்பதற்கு முன்னால் ஒரு குவளை தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டுவாள். வேண்டாம் என்றாலும் குடிக்கும்வரை நகர மாட்டாள். வயதானால் இப்படித்தான் என்று என் மனைவி சிரிப்பாள். நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.